வலிக்கலன்னா வேணாம்

தனபாலனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. லஸ் பக்கத்து கிளினிக்கில் அவர்கள் டோக்கன் பதினொன்று. உள்ளே போயிருப்பது ஏழு. எழுந்து வாசலுக்குப் போனான், போகிற பஸ்ஸைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"யோவ், குந்துய்யா. நீ நடந்தா டோக்கன் ஓடுமா?" என்றாள் அவன் மனைவி ஸ்வர்ணலதா.

சக்கர நாற்காலியிலிருந்த மகள் தீபிகா சிரித்தாள். "நைனா பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாரி கீதும்மா."

எட்டு வயது. பிறவியிலேயே தசையில் வலு இல்லை, நடந்ததே கிடையாது. வாய் மட்டும் பட்டினப்பாக்கம் மீன் ஸ்டால்கள் மொத்தத்துக்கும் கேட்கும்.

போன மாத எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டு நழுவியிருந்தது. வலி இருந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. மூச்சுத் தசையும் பலவீனம், மயக்க மருந்து ஆபத்து. ஒரு மாதம் கவனித்துவிட்டு வரச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். எலும்பைச் சேர்த்துவிட்டால் பிள்ளை நேராக உட்காரும் என்று அவன் நின்றான். மயக்கம் கொடுத்தால் கண் விழிப்பாளா என்று அவள் நின்றாள். தினமும் எட்டு மணிக்குத் தன் மீன் ஸ்டாலை விட்டு ஓடிவந்து, ஸ்கூல் வேனில் தூக்கி வைக்கும்போது கேட்பான்: "வலிக்குதா கண்ணு?" "இல்ல நைனா." மாதம் முழுக்க அதே பதில்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இடது காலை மெல்ல விரித்ததும் தீபிகா அலறிவிட்டாள்.

"இன்னாம்மா, வலிக்கலன்னியே?" தனபாலன் பதறினான்.

"ரோஸ் மருந்து குட்ச்சா வலிக்காது நைனா. டெய்லி நீ வர்றதுக்கு முன்னாடியே அம்மா குடுத்துரும். இன்னிக்கி அவசரத்துல மறந்துட்ச்சு."

தனபாலன் மனைவி பக்கம் திரும்பினான்.

"ஒரு மாசமா என்ன கேனையனாக்கிக்கினு இருந்தியாடி?"

"வலிக்கலன்னா வேணாம்னு இவங்கதானே சொன்னாங்க? நீ எப்போடா அறுப்பாங்கன்னு நின்னுக்கினு இருந்த. நான் இன்னா பண்ணட்டும்?"

டாக்டரம்மா திட்டவில்லை. "மருந்து குடுத்தது தப்பில்லம்மா, எங்கிட்ட மறைச்சதுதான் தப்பு. வியாழக்கிழமை மூச்சு டெஸ்ட் எடுப்போம். நல்லா வந்தா ஆபரேஷனுக்கு நாள் பாக்கலாம். இல்லன்னா வலிக்கு மட்டும் வேற வழி இருக்கு."

அவன் கேட்ட ஆபரேஷன் இதோ பக்கத்தில் வந்து நிற்கிறது.

"மேடம், மயக்கம் குடுத்தா… புள்ள எழுந்துடும்ல?"

"டெஸ்ட் பாக்காம சொல்ல முடியாதுப்பா."

ஸ்வர்ணலதா மகளின் இடுப்புக்குக் கீழே கை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சாய்த்தாள். தீபிகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமையா?" என்றாள் ஸ்வர்ணலதா. "இன்னிக்கி திங்கள்தான மேடம்? அதுவரிக்கும் ரோஸ் மருந்துலயே புள்ள எப்டி குந்தும்? நாளைக்கே டெஸ்ட் வைங்க."