இரண்டு சீட் வண்டி

நான் வாங்கிய காருக்கு இரண்டே சீட். அதற்காகத்தான் வாங்கினேன். கேட்டவர்களிடம் சின்ன வயது ஆசை என்றேன், சல்லிசாகக் கிடைத்தது என்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உண்மையான காரணம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். பத்தொன்பது வயது வரைக்கும் பாப்பாதான். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்காது. காரில் போனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அது என் மனைவியின் வேலை. அவளும் பாப்பாவும் பின் சீட்டில், நான் முன்னால். என் பக்கத்து சீட்டில் மருந்துப் பை, துண்டுகள், தண்ணீர் பாட்டில். பாப்பா பிறந்த பிறகுதான் எங்களுக்குக் கார் என்று ஒன்று வந்தது. அதனால் என் மனைவி காரில் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. இதை நான் ரொம்ப நாள் கவனிக்கக்கூட இல்லை.

போன மழைக்காலத்தில் பாப்பா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். லிஃப்ட் மெக்கானிக் வேலை. வீட்டிலேயே இருந்து என்ன செய்வது என்று மனைவியும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். போகிற வழிதான், நானே இறக்கிவிடுவதாக ஏற்பாடு. முதல் நாள் காலையில் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவள் பின்கதவைத் திறந்து ஏறி, எப்போதும் உட்காரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. மருந்துப் பையை எடுத்து உள்ளே வைத்தேன். முன் சீட்டைத் துடைத்துப் புது உறை போட்டேன். அவள் பின்னால்தான் ஏறினாள். நான் டாக்சி ஓட்டுகிற மாதிரி முன்னால் தனியாக. கண்ணாடியில் பார்த்தால் அவளும் அவளுக்குப் பக்கத்தில் காலி இடமும் தெரியும். வளைவுகளில் அவள் கை தானாக நீளும். ஒன்றுமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மடிக்குத் திரும்பும். நான் கண்ணாடியை மேலே தூக்கி வைத்துவிட்டு ஓட்டினேன்.

அழுதேனா என்றால் இல்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, வேலை நடந்தது. பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்டால் நம் கன்னத்தையே தொட்டுப் பார்க்கும்போது யாரோ ஒருத்தர் கன்னம் மாதிரி இருக்கும் இல்லையா, நாள் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. வீட்டில் அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். காபி ஆறிப்போச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, கதவைச் சாத்துங்க. இவ்வளவுதான் பேச்சு. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தோம். இப்படியே விட்டால் இது இப்படியே முடிந்துவிடும் என்று தோன்றியது. பயம் என்று சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் ஒரு முறை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது.

ஒரு பல் டாக்டர் இருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் சர்வீஸுக்குப் போயிருந்தேன். கீழே பார்க்கிங்கில் உறை போட்டு ஒரு கார் நின்றது. உயரம் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"இது ஓடுமா டாக்டர்?"

"நல்லா ஓடும். எனக்குத்தான் இடுப்பு போச்சு. உள்ள உட்கார்ந்தா வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேணும்."

உறையை விலக்கிக் காட்டினார். கரும்பச்சை. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், பழசு. தரையில் படுத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"பின்னாடி சீட் இருக்கா?"

"பின்னாடி எஞ்சின்தான் இருக்கு. இதுல எவன் பின்னாடி உட்காருவான்?"

அந்தப் பதிலில்தான் நான் முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னேன். எங்கள் காலத்துக்குப் பிறகு பாப்பாவுக்கு வேண்டுமே என்று சேர்த்து வைத்திருந்த பணம் வங்கியில் இருந்தது. அதை எடுக்கட்டுமா, பழைய காரையும் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். தினமும் வேலைக்கு எடுத்துப் போகப் போகிறேன் என்றேன். அதற்கும் "உங்க இஷ்டம்" என்றாள்.

கார் வீட்டுக்கு வந்த அன்று என் மச்சினன் பார்க்க வந்தான். என் மனைவிக்குத் தம்பி, வாய் சும்மா இருக்காது. காரை மூன்று தடவை சுற்றி வந்தான்.

"மாமா, இதுல டிக்கி எங்க?"

"முன்னாடி."

"எஞ்சின்?"

"பின்னாடி."

"எல்லாம் தலைகீழ். உங்களுக்குன்னே செஞ்சிருக்காங்க." மாடியைப் பார்த்துக் கத்தினான். "அக்கா, கீழ வந்து பாரு. மாமாவுக்கு அம்பது வயசுல இருபது வந்துருச்சு."

அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இங்கிருந்தே தெரியுது" என்றாள்.

"நீ எங்க உட்காருவ இதுல?"

"நான் பஸ்ல போயிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பஸ்தான். பின் சீட் இல்லாவிட்டால் முன் சீட் என்று கணக்குப் போட்டேனே தவிர, பஸ் என்று ஒன்று இருப்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. இருந்த ஒரே காரையும் விற்றாகிவிட்டது.

வாங்கியது வாங்கியாகிவிட்டது என்று நானும் தினமும் அதை ஓட்டினேன். எங்கள் கட்டடத்துச் சரிவில் அடி உரசும் என்பதால் இரண்டு பலகை வைத்து ஏற்ற வேண்டும். வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி குறுக்காக ஏறி இறங்க வேண்டும். கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். நெரிசலில் மாட்டினால் இடது கால் நடுங்கும். பஸ்ஸின் சக்கரம்தான் என் கண் உயரத்துக்குத் தெரியும், டிரைவர் முகம் தெரியாது. இறங்குவதென்றால் முதலில் காலை வெளியே போட்டு, தரையில் கை ஊன்றி, தவழ்ந்து எழுந்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் இடங்களில் வேறு தொல்லை. ஒரு அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"லிஃப்டைப் பார்க்கணும். நின்னுபோச்சுன்னு போன் பண்ணீங்களே."

அவர் கையைச் சட்டென்று இறக்கிவிட்டார். உள்ளேயிருந்து வந்த சங்கச் செயலாளர் காரையும் என்னையும் டூல்ஸ் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெக்கானிக்கே இதுல வர்றீங்கன்னா, நாங்க மாசாமாசம் கட்டுறது எங்க போகுதுன்னு இப்பதான் புரியுது."

"பழைய வண்டி சார்."

"என் வீடும் பழசுதான். யாரும் சல்யூட் அடிக்கல."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

தினமும் காலையில் அவள் கிளம்பும் வரை பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக் காத்திருப்பேன். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு காரைத் தாண்டி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடப்பாள். அதற்குப் பிறகுதான் டூல்ஸ் பையை அந்த சீட்டில் வைப்பேன். பிறகு பஸ் ஸ்டாப்பை மெதுவாகக் கடந்து போவேன். நிற்கிறவர்கள் எல்லோரும் காரைப் பார்ப்பார்கள், சிலர் போனில் படம் எடுப்பார்கள். அவள் மட்டும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிச் சில வாரங்கள். ஒரு நாள் சாயங்காலம் அவள் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பஸ் ஸ்டாப்புல மெதுவாப் போகாதீங்க. நேராப் போயிடுங்க."

"ஏன்?"

"பக்கத்துல நிக்கற பொம்பள கேக்கறா. யாரும்மா அந்த ஆளு, தெனமும் உன்னையே பார்த்துட்டுப் போறான், போலீஸ்ல சொல்லலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு, தெரிஞ்சவருதான்னு சொன்னேன்."

தெரிஞ்சவரு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"என் பக்கத்துல உட்கார உனக்கு என்ன? பாப்பா இடத்தை விட்டு வர மனசு இல்லையா?"

"பாப்பாவுக்காகன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அவசரப்படவில்லை.

"முன்னாடி உட்கார்ந்தா பேசணும். பின்னாடின்னா நீங்க ரோட்டைப் பார்ப்பீங்க, நான் ஜன்னலப் பார்ப்பேன், அது பாட்டுக்குப் போயிடும். பக்கத்துல உட்கார்ந்துட்டு எவ்ளோ நேரம் சும்மா வர்றது? இத்தன வருஷம் நாம என்ன பேசினோம் சொல்லுங்க. சளி, மாத்திரை, துண்டு, டாக்டர். அதை எடுத்துட்டா என்கிட்ட உங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லங்க. எனக்கே அது பயமா இருக்கு. அதைத் தெனமும் காலையில உட்கார்ந்து பார்க்கணுமா?"

"நான் உன்னப் பேசச் சொல்லலையே."

"சொல்ல மாட்டீங்க. ஆனா காத்துட்டு இருப்பீங்க. அது எனக்குத் தெரியும்."

உண்மைதான். காத்துக்கொண்டுதான் இருந்தேன். இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டது. எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கார்ல பேச முடியாது."

"ஏன்?"

"சத்தம். எஞ்சின் காதுக்குப் பின்னாடியே இருக்கு. பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாது. ரேடியோ போட்டேன், பாட்டா செய்தியான்னே கண்டுபிடிக்க முடியல."

"சும்மா சொல்றீங்க."

"நாளைக்கு வந்து பாரு. பொய்யா இருந்தா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடறேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். சட்டையை ஹேங்கரில் மாட்டினாள்.

காலையில் நான் காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை; காலையில் சூடாகும் வரை அது கத்திக்கொண்டேதான் இருக்கும். அவள் வந்து பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், நிஜமாகவே கேட்கவில்லையா, நடிக்கிறேனா என்று. பிறகு கதவைத் திறந்து, எப்படி ஏறுவது என்று தெரியாமல் ஒரு காலை வைத்துப் பார்த்து, எடுத்து, கடைசியில் பள்ளத்தில் விழுவது போல சீட்டில் விழுந்தாள். கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். பெல்ட்டை மாட்டினாள்.

பஸ் ஸ்டாப்பை மெதுவாகக் கடக்கவில்லை. நேராகப் போனேன்.

பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. முதலில் என்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவில்லை. எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி யோசித்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி ஆரம்பித்தாள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. பாப்பா என்று சொன்னாளா, என் பெயரைச் சொன்னாளா, கடையைப் பற்றியா, ஒன்றும் தெரியாது. என்ன என்று கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

அடுத்த கியருக்குப் போனால் சத்தம் குறையும். கியரை மாற்றாமலே ஓட்டினேன்.

சிக்னலில் நிற்க வேண்டி வந்தது. சத்தம் இறங்கியது. அவள் பாதியில் நிறுத்திவிட்டு மடியிலிருந்த பையைப் பார்த்தாள். சிவப்பு அப்போதுதான் விழுந்திருந்தது. நான் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். கார் அலறியது. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் குனிந்து என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்பது போலத் தன் ஹெல்மெட்டில் அடித்துக்கொண்டார்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பச்சை விழும் வரை நான் காலை எடுக்கவில்லை.