சும்மா கிடந்த சக்கரம்

மாமனாருக்குக் கை ஓயாது. ரயில் பெட்டிகளைக் கழுவுகிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தார். மகனுக்கோ கப்பலில் வேலை. வீட்டில் மருமகளும் அவரும்தான். உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயம். கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தார்.

அன்று மாலை அகப்பட்டது மருமகளின் கான்டாக்ட் லென்ஸ் டப்பா. மூடியில் தொங்கிய தண்டின் அடியில் கறுப்பாக ஒரு குட்டிச் சக்கரம். என்னவோ கரி பிடித்த துண்டு சும்மா கிடக்கிறது என்று நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டார். டப்பா பளிச்சென்று ஆனது. மனிதருக்குப் பரம திருப்தி.

லென்ஸைக் கழற்றிவிட்டால் மருமகளுக்கு எதிரே யானை நின்றாலும் தெரியாது. வழக்கம்போல் லென்ஸ்களை டப்பாவில் போட்டு, கிருமி நீக்கும் மருந்தை ஊற்றி மூடிவிட்டுப் படுத்தாள். காலையில் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், வீடே அதிர அலறினாள். குழாயடியில் கண்ணைக் கழுவிவிட்டு, டப்பாவும் கையுமாக அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார் மாமனார்.

பார்வைக்குப் பழுதில்லை என்று கட்டுப் போட்ட டாக்டர், டப்பாவைத் திறந்து பார்த்தார். "இதுல இருந்த சக்கரம் எங்கே?"

"அழுக்குன்னு நான்தான் எடுத்துப் போட்டுட்டேன்."

"அது பிளாட்டினம் பூசினது, ஐயா. இந்த மருந்து கிருமியைக் கொல்லும், கண்ணையும் எரிச்சிடும். தானா தண்ணியும் ஆக்சிஜனுமா பிரிய நாள் கணக்காகும். அந்தச் சக்கரத்து மேல பட்டா சட்டுனு உடைஞ்சு விலகிடும். ஒரே ராத்திரியில எரிக்கிற குணமே போயிடும். சக்கரம் கரையறதில்ல, அது பாட்டுக்கு இருக்கும். வினையூக்கின்னு சொல்றது அதைத்தான்."

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பையில் துணிகளை அடுக்கினார். உள்ளுக்குள் செத்துப்போயிருந்தார்.

"எங்கே மாமா கிளம்பிட்டீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. நான் இங்க இருந்து உனக்கு என்னம்மா பிரயோஜனம்? கண்ணையே கெடுக்கப் பார்த்தேன்."

"ஒண்ணும் வேண்டாம். எதையும் தேய்க்காம சும்மா இருங்க, போதும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் தட்டுத் தடுமாறி வந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோபத்துல சொல்லல மாமா. முன்னெல்லாம் உங்க பையன் கப்பலேறினா, வீடு பூரா விளக்கை எரியவிட்டுட்டுத்தான் படுப்பேன். அப்பவும் தூக்கம் வராது. இப்போ அந்த ரூம்ல நீங்க இருமற சத்தம் கேட்டாப் போதும், எல்லாத்தையும் அணைச்சிட்டுத் தூங்கிடறேன்."

மாமனார் பதில் சொல்ல வாயைத் திறந்தார்; இருமல்தான் வந்தது.