சூரியன் விளிம்பில் ஒரு வளைவு

உமையாள் ஆச்சி மாடி ஏறினாலே மெய்யநாதனுக்கு ஆகாது. அவனுடைய அண்ணன் ரங்கூனில் காய்ச்சலில் இறந்தபின் சாமான்கள் கப்பலில் காரைக்குடிக்கு வந்தன. அண்ணன் மனைவியான உமையாள் பீங்கானையும் பட்டுத் துணிகளையும் கொழுந்தனிடமே விட்டுவிட்டு, தொலைநோக்கியையும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் குழலையும், கேமராவையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ரங்கூனில் கணவனோடு சேர்ந்து பழகிய கை. சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை அந்தக் குழல் வழியே பார்த்துக் கண்ணாடித் தட்டில் படம் பிடிப்பாள்.

"மக கல்யாணம் வருது. விடிஞ்சதும் மாடியில வெள்ளைச் சேலை நின்னா சம்பந்தி வீட்டுக்காரவுக என்ன நெனைப்பாக?" என்று ஒருநாள் மெய்யநாதன் வீட்டு நடுமுற்றமான வளவில் நின்று கத்தினான்.

"அவுகள அண்ணாந்து பாக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் மேலிருந்தபடியே.

அந்த வாரம் மதுரையிலிருந்து சிவசங்கரன் வந்தார். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். அவள் கணவனின் பழைய சிநேகிதர். முகப்பில் உட்கார்ந்து இரண்டு படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் சூரிய விளிம்பில் வாசல் வளைவு போல ஒரு தீ. அதே காலையில் சற்றுப் பொறுத்து எடுத்த மற்றொன்றில், வளைவு அறுந்து மேலே கிளம்பியிருந்தது.

"இவ்வளவு சீக்கிரத்திலா மாறும்?" என்று இழுத்தார்.

மெய்யநாதன் சிரித்தான். "மாறாம? சூரியன் வேளைக்கு ஒரு சேலை கட்டுதுல்ல! ஊசியால கீறி வச்சுருக்காக, சார். அண்ணன் பேரச் சொல்லி ஊர ஏமாத்துறாக."

உமையாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிவசங்கரனும் அதை மறுக்காதது இன்னும் எரித்தது. "ரெண்டு பேரும் மேல வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

கருவியைச் சூரிய விளிம்புக்குத் திருப்பி ஓரமாகத் தேடினாள். புதிதாக ஒரு கொழுந்து நின்றது. சிவசங்கரன் பார்த்தார். முதலில் "உம்" என்றார். பிறகு குழலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நகர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "தூக்குது. கண்ணு முன்னாலயே மேல தூக்குது" என்றார். "மன்னிக்கணும்மா."

"தம்பி, நீங்களும் பாருங்க."

மெய்யநாதன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும். அவனோ வெயிலில் கழுத்து வியர்க்க, அசையாமல் நின்றான். நிமிர்ந்ததும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான்.

"பொய்."

"யாரைச் சொல்றீக பொய்யினு?"

உமையாள் கேமராவைப் பொருத்தி, அந்தத் தீ எழுந்ததைத் தட்டில் பிடித்தாள். தட்டு இருந்த பெட்டியை மூடிக் கையில் எடுத்தபோது அவன் அதைப் பறித்தான். மூடியை உருவிப் பட்டப்பகல் வெளிச்சத்தில் தட்டை நீட்டினான். பிடித்த படம் அங்கேயே அழிந்தது.

"இப்பக் காட்டுங்க ஒங்க சூரியன!"

சிவசங்கரன் அதட்டினார். உமையாள் கீழே இறங்கிப் பங்காளிகளைக் கூட்டினாள். தன் கணவனுடைய பாகத்தைப் பிரித்துத் தரும்படி கேட்டாள். கல்யாணம் வரை பொறுக்கச் சொன்னார்கள். "நாளைக்கே" என்றாள்.

வீடு பிரிந்தது. கிழக்கு மாடி மெய்யநாதனுக்கு, மேற்கு மாடி அவளுக்கு. அவன் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினான். இளங்காலையில்தான் காற்று அசையாது, படம் தெளிவாக விழும் என்பது அவனுக்குத் தெரியும். கிழக்கே எழும் அந்தக் காலைச் சூரியனை மறைக்கவே எழுப்பினான். அவள் வெயில் ஏறும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். தெளிவு குறைந்ததை வைது வைது, முன்னைவிட அதிகமாகவே எடுத்தாள்.

கல்யாணத்தன்று சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் முழங்கியது. அவளை யாரும் அழைக்கவில்லை. பந்தி முடிந்தபின் மெய்யநாதன் வீட்டுச் சமையற்காரி ராக்காயி, விருந்துச் சோறு வைத்து மூடிய தூக்குச்சட்டியோடு மாடி ஏறினாள்.

"ஐயா குடுத்துவிட்டாக, ஆச்சி."

"அவுகளுக்கே கொண்டுபோய்க் குடு" என்று சொல்லிவிட்டு, உமையாள் அடுத்த தட்டை மாட்டினாள்.