அக்கா கேட்ட ஒரே சன்னல்

அஸ்திவாரம் தோண்டுவதற்குள் என் தலையில் முடி மிஞ்சுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. அக்கா குடும்பத்துக்கு நான் வரைந்த பத்தாவது வரைபடம் அது. பதினாறு வருடமாக ஊராருக்கு வீடு வடிவமைக்கிறேன். மாமாவுக்கு மட்டும் நான் இன்னும் ஒன்றும் தெரியாத மச்சினிதான்.

மனை ஆற்றங்கரையில். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, தரையை நாலடி தூக்கினேன். மேற்கு வெயிலைத் தடுக்கக் கனத்த சுவர். கிழக்கே ஆறு, காற்று வருவதும் அங்கிருந்துதான். அந்தப் பக்கம் சமையலறை வைத்தேன். அக்காவுக்கு அடுப்பு வெக்கையில் மூச்சு இரைக்கும். இப்போதைய வாடகை வீட்டில் சமையலறைக்குச் சன்னலே கிடையாது. ஆற்றுப் பக்கம் ஒரு சன்னல், அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாமா கேட்டவை நாளுக்கொன்று. படி அதிகமாம், ஏற முடியாதாம். ஹால் ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டுமாம், வருகிறவர்கள் அசந்துபோக வேண்டுமாம். பிறகு மகளுக்கு ஆற்றைப் பார்த்து ஓர் அறை. அப்புறம் தான் பேப்பர் படிக்க ஓர் அறை, அதுவும் ஆற்றைப் பார்த்து. ஆறு என்ன வீட்டைச் சுற்றியா ஓடுகிறது? வாதாடினேன், கத்தினேன், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். சமையலறை நகர்ந்து நகர்ந்து மேற்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வரைந்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பத்தாவதைப் பார்த்ததும் மாமா ஒருவழியாகத் தலையாட்டினார், கையெழுத்துப் போடப் பேனா தேடி உள்ளே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாய் என்று பொரிந்து தள்ளினேன்.

அக்கா வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு கேக்கத்தான் செய்வாரு. அடுப்படி எங்க இருந்தா அவருக்கென்ன? எனக்கு மூச்சு எரைக்கும்னு உனக்குத் தெரியுமில்ல. கோடு போட்டது நீதானே?"

சுருக்கென்றது. பத்து வரைபடத்திலும் தரையை ஓர் அங்குலம்கூட இறக்க நான் சம்மதிக்கவில்லை. படி அதிகமென்று மாமா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டபோதும் அசையவில்லை. தண்ணீருக்குப் பயந்து அப்படி நின்றவள், அக்காவுக்காக ஒருமுறைகூட நிற்கவில்லை.

மாமா பேனாவோடு வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"இதுல வேணாம் மாமா. சமையலறை ஆத்துப் பக்கம் போகுது. ஹால் மேற்க வருது."

"அப்ப வர்றவங்க ஆத்தை எப்படிப் பாக்கறது?"

"அடுப்படிக்கு வந்து பாக்கட்டும்."