பொரிச் சோளத்தின் ஈரம்

மூடியைத் திறந்து பார்த்தாள். எண்ணெயில் போட்டுப் பார்த்த மூன்று சோள மணிகளும் கரிந்து கிடந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"ஆச்சா?" உள்ளறையிலிருந்து கணவரின் குரல். மூச்சைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"இதோ ஆச்சுங்க. செத்த பொறுங்க."

லாரி ஓட்டிய மனிதர். படுக்கையில் விழுவதற்கு முன் கொல்லையில் அவர் போட்ட மக்காச்சோளம் இது. ஒரு வரிசை மாவுக்கு, ஒரு வரிசை பொரிக்கு. மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியும் நேற்றிலிருந்து தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். கணவர் கேட்டது ஒன்றே ஒன்று: "திங்க இல்லடி. அந்தப் படபட சத்தத்த ஒரு தடவ கேக்கணும்." கடையில் வாங்கி வரட்டுமா என்றதற்கு, "நான் போட்டது எதுக்கு இருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை விட்டபாடில்லை. அதனால் கதிர்களை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதுவும் போதாதென்று மணிகளை உதிர்த்து, வெறும் சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிளறியும் இருந்தாள்.

துணைக்கு வந்திருந்த நாத்தனார் மிச்சத்தில் ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

"ஐயோ அண்ணி, என் பல்லே போச்சு! எவ்ளோதான் காயவச்சீங்க?"

"மாவுச் சோளம் கல்லாட்டம் காயணும்பாரே..."

"அது மாவுக்கு. பொரிக்கு உள்ள துளி ஈரம் நிக்கணும் அண்ணி. அந்த ஈரந்தான் சூடு பட்டு வெடிக்கிறது."

அவள் சட்டியைப் பார்த்தாள். அத்தனை மணியையும் தன் கையாலேயே வற்றவைத்திருந்தாள்.

"ஏதாவது பண்ணேன்டி..."

நாத்தனார் மணிகளைப் பாட்டிலில் கொட்டி, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கினாள். "நாளைக்கு வரைக்குமாவது ஊறணும்."

அவள் கணவரின் கட்டிலருகே போய் அதைச் சொன்னாள். அவருடைய உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நாளைக்கா... சரி. நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவள் அங்கேயே உட்கார்ந்து பாட்டிலைக் குலுக்கினாள். குலுக்கினால் சீக்கிரம் ஊறிவிடும் என்பதுபோல, கை மாற்றிக் கை மாற்றிக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். பிற்பகலில் கை கடுத்துச் சற்று நிறுத்தினாள். அறையில் வேறு சத்தமே இல்லை.

மறுநாள் காலை கூடம் நிறைய ஆட்கள். சுடுகாட்டு வண்டி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது? பொணத்த உள்ள வச்சுக்கிட்டு எண்ணெய காயவைக்கிற?"

"விடுங்கக்கா," என்றாள் நாத்தனார்.

அவள் பாட்டிலைச் சட்டியில் கவிழ்த்து மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூடியைத் தூக்கினாள். ஒன்று வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

கூடத்தில் பேச்சு நின்றது.

மூடியைக் கையில் பிடித்தபடியே அவள் ஓடிப்போய் அவர் கிடந்த உள்ளறையின் கதவை விரியத் திறந்துவைத்தாள். சமையலறையில் பொரிகள் தெறித்துத் தரையெல்லாம் விழுந்தன. சட்டியை மூட யாரும் போகவில்லை.