இரண்டு மூச்சு விட்டவள்

ஜாண்டிரா ஒரே நெஞ்சில் இரண்டு மூச்சு விட்டாள். ஒன்று அவளுடையது. மற்றது வடக்கே, ஆற்றங்கரை ஊரான போசோ கிளாரோவில் இறந்துபோன அவளுடைய இரட்டைச் சகோதரி லிண்டால்வாவுடையது.

கொள்ளைநோயின் இரண்டாம் வருடம் இருவருமே ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். சாவோ பாவ்லோவில் தையல் ஆலையில் வேலை பார்த்த ஜாண்டிராவை, மூச்சுத் திணறிய அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லிண்டால்வாவின் ஊரில் ஓர் அறையும் ஒரு நர்சும்தான். ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரி உள்ள நகரத்துக்குப் படகில் நாள்கணக்கில் போகவேண்டும். துறையில் படகுக்காகக் காத்திருந்தபோது, கணவன் ஒஸ்மரினோவின் தோளில் சாய்ந்தபடியே அவள் மூச்சு நின்றது. அதே சாயங்காலம் தெற்கே டாக்டர்கள் ஜாண்டிராவின் நெஞ்சில் இன்னொரு மூச்சைக் கேட்டார்கள். கருவியை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு, நோயாளி தேறிவருகிறாள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

குணமானதும் ஜாண்டிரா போசோ கிளாரோவுக்கு வந்தாள். முதல் நாளே ஒஸ்மரினோ மீனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காதைச் சாய்த்துக் கேட்டான். மூச்சு முடிகிற இடத்தில் லிண்டால்வாவுக்கு இருந்த அதே சின்ன விக்கல்.

"நான் பேசினா அவளுக்குக் கேக்குமா?"

"தெரியல மச்சான். நீங்க வந்தா வேகமா மூச்சு விடுறா."

"கோவமா இருக்கும். மீனைக் கழுவாம கொண்டாந்துட்டேன்."

மழைக்காலம் முழுக்க அவன் வந்தான். வெள்ளம் வந்ததை, படகுக்குச் சாயம் அடித்ததை எல்லாம் அந்த மூச்சிடம் சொன்னான். ஜாண்டிரா அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தன் மூச்சைக் கேட்க ஒருவரும் வருவதில்லையே என்று அவளுக்குச் சில நாள் அழுகை வரும். ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் போகிறேன் என்று சொல்ல வாய் வராது.

கோடையில் மேலாற்று ஊர்களில் மறுபடி காய்ச்சல் என்று செய்தி வந்தது. ஒஸ்மரினோ அந்த ஓர் அறையைப் போய்ப் பார்த்தான். நர்ஸ் கையை விரித்தாள். நேராக வந்து ஜாண்டிராவின் துணிகளைப் பையில் அடைத்தான்.

"என்ன மச்சான், விரட்டுறீங்களா?"

"கிளம்புங்க ரெண்டு பேரும். அங்க ஆஸ்பத்திரி இருக்கு. இந்தத் தடவையாவது அவ நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்."

"நீங்க?"

"எனக்கு ஒரு மூச்சுதானே. எப்படியோ ஓட்டிக்கறேன்."

படகில் அவர்கள் படுத்துப் போக, ஆளுக்கொன்றாக இரண்டு தூளிகளை அவன் அருகருகே கட்டினான். இடம் போதவில்லை. படகுக்காரர் ஒன்றும் கேட்காமல் வாழைத்தார்களை ஓரமாக நகர்த்திவைத்தார்.