கோணல் விரிப்பும் தாடையை விடாத முஷ்டியும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மாப்பிள்ளை விட்ட குத்து மச்சானின் இடது தாடையில் இறங்கியது. இறங்கிய முஷ்டி திரும்பிப் போகவில்லை.

சம்பவம் நடந்தது ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடத்தில். அங்கே பஸ் நீளத்துக்கு ஒரு உருளை இஸ்திரி மெஷின் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் ஈர விரிப்பை நேராக உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் அது கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதைப் பிடிக்க வேண்டும். விடுகிறவர் மாப்பிள்ளை. பிடிக்கிறவர் மச்சான், அதாவது மாப்பிள்ளை கட்டியவளின் கூடப்பிறந்த அண்ணன். விரிப்பு கோணலாகப் போனால் ஓரம் சுருண்டு, பிடிக்கிறவர் விரலைப் பொசுக்கிவிடும். ஆறு மாதமாகப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அன்றைய மூன்றாவது கோணலுக்கு மச்சான், “கண்ணு ரெண்டையும் வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா மாப்ள?” என்றார். “உங்க குடும்பத்துக்கே வாய் நீளம்!” என்ற மாப்பிள்ளை, அந்த நீளத்தைக் குறைக்க முயன்றதுதான் மேற்படி குத்து. சோப்புக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால், ஒட்டிக்கொண்ட முஷ்டியைக் கழற்ற முதலில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு இவரை நான்கு பேரும் அவரை நான்கு பேருமாகப் பிடித்து இழுத்ததில் இரண்டு சட்டைகள் கிழிந்தன. மேனேஜர் நாற்காலிமேல் ஏறி நின்று, தம் நிர்வாகத்தில் இத்தகைய ஒழுங்கீனத்துக்கு இடமில்லை என்று அறிவித்து, முஷ்டியிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். டாக்டர் படமெடுத்துப் பார்த்து, தாடையெலும்பில் இரண்டு விரிசல், ஒட்டும் பொருள் ஏதுமில்லை, கை பரம ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார்.

மச்சான் தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையரிடம் மனுப் போட்டார். சட்டம் எளிமையானது: கூட வேலை செய்கிறவன் அடித்துக் காயம் பட்டால், சண்டை வேலையால் வந்ததா, சொந்தப் பகையால் வந்ததா என்று பார்ப்பார்கள். வேலையால் என்றால் கொடுப்பார்கள். பகையால் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ‘குடும்பம்’ என்ற ஒரே வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இது மாமன் மச்சான் தகராறு, மெஷினுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றார். வழக்கு பதினாலு மாதம் நடந்தது. அதற்குள் எலும்பு கூடிவிட்டது, முஷ்டி மட்டும் கூடவே இருந்தது. இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தால் இன்னொருவர் குலுங்கினார். மச்சான் அரைவாயால் கஞ்சி குடித்தார். மச்சானின் தங்கை இருவருக்கும் பக்கவாட்டில் பித்தான் வைத்த சட்டை தைத்தாள். தன் மகளின் பள்ளிக்கூடச் சேர்க்கை பற்றி அவள் இருவரையும் சேர்த்து வசைபாடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அதைக் கவனித்தாள்: வீட்டுப் பேச்சு பேசினால் முஷ்டி நூலளவு தளர்ந்தது. விரிப்பைப் பற்றிப் பேசினால் பல் நொறுங்கும்படி இறுகியது.

விஷயம் வக்கீல் காதுக்குப் போயிற்று. கடைசி விசாரணைக்குச் சலவைக்கூடமே திரண்டு வந்து மாடிப்படி வரை நின்றது. ‘என் இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில்’ என்று தொடங்காமல் தண்ணீர்கூடக் கேட்காத ஆணையர், அன்று அந்த அனுபவம் கைகொடுக்காததால், எந்தப் பேச்சுக்கு முஷ்டி தளர்கிறது என்று சோதிக்க உத்தரவிட்டார். வக்கீல், மச்சானின் கல்யாணத்தில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனதை உருக்கமாக எடுத்துச் சொன்னார். முஷ்டி நெகிழ்ந்தது. சீர் விஷயத்தைச் சொன்னார். முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது! பெஞ்சுமேல் ஏறியவர்கள், “விடுது, விடுது!” என்று கத்தினார்கள். பதினாலு மாதத்துக்குப் பிறகு மச்சானின் கன்னத்தில் காற்றுப் பட்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வக்கீல் குனிந்து தேனொழுகச் சொன்னார்: “ஆமா, குடும்பச் சண்டைதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கை விழுந்துடும். தனித்தனியா வீட்டுக்குப் போகலாம்.”

மச்சான் வாயைத் திறந்தார். தங்கை கும்பிட்ட கையோடு நின்றாள். அப்போது ஆணையர், தாமும் ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, “ஆமா, விரிப்பு ஏன் கோணலா வந்துச்சு?” என்றார். பதினாலு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. மச்சான் திறந்த வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். “மெஷின் வேகத்தைக் கூட்டிட்டாங்க ஐயா! குடும்பமாவது ஒண்ணாவது!”

“ஓட்டல் விரிப்பு என் ரெண்டு கையையும் விட அகலம்,” என்று மாப்பிள்ளையும் கூடவே கத்தினார். “அந்த வேகத்துல பிரம்மா வந்தாலும் நேரா விட முடியாது! மச்சான் மேல எனக்கு என்ன கோவம்? மெஷினை அடிக்க முடியல, அவரை அடிச்சேன்!”

முஷ்டி படீரென்று பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. சத்தம் தெருவுக்குக் கேட்டது. மச்சானின் கடைவாய்ப்பல் ஒன்று மேசைமேல் விழுந்து உருண்டு ஆணையரின் பேனாவருகே நின்றது. ஆணையர் தம் அனுபவத்தை மறந்து, வேலையால் வந்த காயமே என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் போட்ட கூச்சலில் வக்கீல் சொன்ன ஆட்சேபம் யாருக்கும் கேட்கவில்லை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம், “ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் கழண்டிருக்குமேண்ணே” என்றாள். “கழண்டிருக்கும்மா,” என்றார் மச்சான். “அப்புறம் விரிப்பு கோணலா வந்ததுக்கு நாங்கதான் காரணம்னு ஆயிருக்கும்.”

மறுவாரம் இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். மெஷினின் வேகத்தை மேனேஜர் குறைக்கவில்லை. குறைக்கத் தேவையும் இருக்கவில்லை. பிடிக்கிற பக்கத்துக்குப் புது ஆள் வந்தார். விடுகிற பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாக நின்று மூன்று கையால் விரிப்பை விடுகிறார்கள். நேராகப் போகிறது.